கயிறும் பறையும்

‘சமூகம்’ என்னும் சொல் நம்மிடையே படும் பாட்டை நினைத்தால் அதன்மேல் இரக்கம் பிறக்கிறது. அகராதியில் அதற்கு மக்கள் திரள் என்று பொருள். ஆனால் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர், “நீங்க எந்தச் சமூகம்?” என்று கேட்டால், அவர் எதைக் கேட்கிறார் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும். ‘எங்கள் சமுதாயத்துப் பையன்’ என்றால் எங்கள் சாதிக்காரன் என்பதே பொருள். சாதி என்று வாய்விட்டுச் சொல்ல நாணினோம். நாணத்தை மறைக்க ஒரு நல்ல சொல்லை எடுத்து உடுத்திக்கொண்டோம். உடுத்த ஆடை இன்று உடலோடு ஒட்டிப்போயிற்று.

இந்த நிலையில்தான் நாம் மேடைதோறும் நின்று, “இளைஞர்களே, சமூகத் தலைமை ஏற்க வாருங்கள், உங்கள் பண்பாட்டில் பெருமிதம் கொள்ளுங்கள்” என்று முழங்குகிறோம். இளையோர் ஞாயிறன்று நம் கோவில்களிலும் இதையே வேறு சொற்களில் சொல்கிறோம். இளைஞன் நாம் சொன்னதைக் கேட்டுக்கொள்கிறான். ஆனால் மேடையில் நாம் சொன்ன சொல்லுக்குத் தெருவும் திண்ணையும் என்ன பொருளைக் கற்றுக்கொடுத்தனவோ அந்தப் பொருளிலேயே புரிந்துகொள்கிறான். பிறகு ஒருநாள் தன் மணிக்கட்டில் ஒரு வண்ணக் கயிற்றைக் கட்டிக்கொள்கிறான்.

தென்மாவட்டங்களில் வாழும் வாசகர்களுக்கு இந்தக் கயிற்றைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி என்று ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒரு சாதி. வகுப்பறையில் யாரோடு அமர்வது, விளையாட்டுத் திடலில் யாரைச் சேர்ப்பது, உணவு இடைவேளையில் யாருடைய தூக்கை யார் திறப்பது என்பதையெல்லாம் அந்த நூல் தீர்மானிக்கிறது. 2019ஆம் ஆண்டில் பள்ளிக்கல்வித் துறை இயக்குநர் இதைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பினார். எதிர்ப்பு எழுந்தது, அந்தச் சுற்றறிக்கை கிடப்பில் போடப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்டு மாதத்தில், நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். நாடு அதிர்ந்தது. அரசு நீதிபதி கே. சந்துருவின் தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அவர் அளித்த அறிக்கை கயிற்றைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. எல்லாச் சாதி மாணவரையும் கொண்ட ஒரு சமூக நீதி மாணவர் படையை அமைக்கவும் பரிந்துரைத்தது. கயிற்றைப் பற்றிப் பேசிய செய்தித்தாள்கள் இந்த இரண்டாவது பரிந்துரையை அவ்வளவாகப் பேசவில்லை. இளைஞரின் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கினால் போதும் என்றே நாம் எப்போதும் எண்ணுகிறோம். பிடுங்கிய கையில் எதைக் கொடுப்பது என்ற கேள்வி நமக்கு எழுவதில்லை.

அந்தக் கயிற்றைப் பிள்ளைகளுக்குக் கட்டிவிட்டது யார்? மாமன் கட்டினான், சித்தப்பன் கட்டினான். குருபூசைக்கும் நினைவு நாளுக்கும் வேன் பிடித்து அழைத்துப்போனவர்கள் கட்டினார்கள். நம் திருவிழா வளாகத்துப் பதாகைகளையும் சற்று அண்ணாந்து பார்த்துவிடுவது நல்லது. மூலையில் அஞ்சல் தலை அளவில் ஒரு புனிதர் நிற்பார். நடுவில் கறுப்புக் கண்ணாடி அணிந்த இருபது இளைஞர்கள் நிற்பார்கள். பின்னணியில் எந்த வண்ணம் பூசப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் அது யாருடைய பதாகை என்பது தெரிந்துவிடும். பதாகை கட்ட அனுமதி கொடுத்த பங்குப் பேரவை பெரியவர்கள்தாம் நாங்குநேரிச் செய்தியைப் படித்துவிட்டு, “இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டார்கள்” என்று பெருமூச்சு விட்டவர்கள்.

பெருமிதம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அது நேற்றுப் பிறந்த சொல்லன்று. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளில் ஒன்றாக அதை வைக்கிறார். அது எதனால் பிறக்கும் என்பதையும் சொல்கிறார். கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கு. கற்றதனால், அஞ்சாமையினால், நற்பெயர் ஈட்டியதனால், கொடுத்ததனால் ஒருவன் நிமிர்ந்து நிற்கலாம். இன்ன குடியில் பிறந்தேன் என்பதனால் பெருமிதம் பிறக்கும் என்று அவர் சொல்லவில்லை. பிறப்பையும் குடியையும் அவர் அறியாதவரும் அல்லர். அதே மெய்ப்பாட்டியலில் தலைவனுக்கும் தலைவிக்கும் உரிய பத்து ஒப்புகளைச் சொல்லும்போது பிறப்பையும் குடிமையையும் முதலிலேயே வைக்கிறார். அவரைச் சாதியற்ற புரட்சியாளராக்க நான் முயலவில்லை. அப்படிச் செய்பவர்கள் மேல் எனக்கு நம்பிக்கையும் இல்லை. திருமணப் பொருத்தம் பார்க்கும்போது பிறப்பை எண்ணிய அதே மனிதர், பெருமிதத்தின் காரணங்களை எண்ணியபோது பிறப்பைச் சேர்க்கவில்லை என்பதே நான் சுட்டுவது. நாம் முயன்று பெற்ற ஒன்றைப் பற்றித்தான் பெருமிதம் கொள்ள இயலும். பிறப்பை யார் முயன்று பெற்றார்?

“சாமி, சாதியும் நம்ம பண்பாடுதானே?” என்று கேட்பவர்கள் உண்டு. நேர்மையான கேள்வி. ஆம், சாதியும் இந்த மண்ணில் வெகுகாலமாக இருக்கிறது. குடிப்பழக்கமும் வெகுகாலமாக இருக்கிறது. பண்பாடு என்னும் சொல்லுக்குள்ளேயே பண்படுத்துதல் இருக்கிறது. உழவன் நிலத்தைப் பண்படுத்தும்போது அதில் முளைத்த எல்லாவற்றையும் விட்டுவைப்பதில்லை. எதைக் களைவது, எதை வளர்ப்பது என்று தேர்கிறான். அந்தத் தேர்வை இன்றைய இளைஞர்கள் சிலர் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் கையில் எடுத்திருப்பது பறை.

பறையின் வரலாற்றை நம் மக்கள் பாதியிலிருந்தே அறிந்திருக்கிறார்கள். சாவுக்கு அடிப்பது என்பதே பலருக்குத் தெரிந்தது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளையும் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவை என்ற வரிசையில் பறையையும் வைக்கிறது. குறிஞ்சிக்கு ஒரு பறை, முல்லைக்கு ஒரு பறை, நெய்தலுக்கு ஒரு பறை என்று பறையில்லாத நிலமே அன்று இல்லை. மாங்குடி கிழார் புறநானூற்றில் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற நான்கையும் விட்டால் வேறு குடியே இல்லை என்று சொன்னார். திருப்பாவையில் ஆண்டாள் கண்ணனிடம் கேட்பதும் பறையைத்தான். அப்படிப்பட்ட கருவியைப் பின்வந்த நூற்றாண்டுகளில் ஒரு மக்கள் கூட்டத்தின் கழுத்தில் மாட்டி, “இதை நீ அடிக்க வேண்டும், நாங்கள் சொல்லும்போது அடிக்க வேண்டும், கூலி கேட்காமல் அடிக்க வேண்டும்” என்று விதித்தோம். விதித்த பிறகு, அதை அடிப்பதனாலேயே அவர்கள் தாழ்ந்தவர்கள் என்றும் சொல்லிக்கொண்டோம்.

எனவே தலித் இளைஞர்களின் முதல் தலைமைச் செயல், பல ஊர்களில், பறையை அடிக்க மறுத்ததாகத்தான் இருந்தது. சாவு வீட்டுக்கு வர மாட்டோம் என்றார்கள். சில இடங்களில் பறையையே தீயிலிட்டார்கள். அதற்காக அடிபட்டார்கள், ஊர்விலக்கம் செய்யப்பட்டார்கள், வயல் வேலை இழந்தார்கள். இன்று பறையின் இசையைப் புகழும் நகரத்து நண்பர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். மறுக்கும் உரிமையை வென்றவனுக்கே ஏற்கும் உரிமை உண்டு. “அது உங்கள் பாரம்பரியம், விடாதீர்கள்” என்று மேல்தெருக்காரர் கீழ்த்தெருக்காரருக்கு அறிவுரை சொன்னால் அது பழைய கட்டளையின் புதிய பதிப்பு.

இந்தப் பின்னணியில்தான் திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா என்னும் துறவி தொடங்கிய சக்தி கலைக் குழுவின் பணியைப் பார்க்க வேண்டும். பள்ளிப் படிப்பை இடையில் விட்ட தலித் இளம்பெண்கள் அங்கே பறையைக் கையில் எடுத்தார்கள். ஆண்கள் மட்டும் அடித்துவந்த கருவி. சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட கருவி. அதைப் பெண்கள் இடுப்பில் சாய்த்து, கால்களில் சலங்கை கட்டி, மேடையில் அடித்தாடினார்கள். தொண்ணூறுகளில் இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதை இன்று கல்லூரி விழாவில் பறையாட்டம் பார்க்கும் தலைமுறை அறியாது. இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் நம் துறவியர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 2025ஆம் ஆண்டில் பறை ஆசான் வேலு அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தபோது செய்தித்தாளில் படித்து மகிழ்ந்தோம். மகிழ்ச்சி நல்லதே. நம் கோவில் கொடியேற்றத்துக்கு அந்த ஆண்டும் பேண்டு வாத்தியந்தான் வந்தது.

பறையைச் செய்வதை அருகிலிருந்து பார்த்தவர்கள் அதை எளிதில் இகழ மாட்டார்கள். வேம்பிலோ பூவரசிலோ மூன்று துண்டுகளைச் செதுக்கி வட்டமாக இணைத்து, உள்ளே இரும்புப் பட்டையால் பிணைக்கிறார்கள். புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசையால் தோலை ஒட்டுகிறார்கள். அடிப்பதற்கு முன் வைக்கோலையும் சருகையும் கொளுத்தித் தோலைக் காய்ச்சிச் சுருதி கூட்டுகிறார்கள். ஒரு கையில் குட்டையான அடிக்குச்சி, மறு கையில் மெல்லிய நீண்ட குச்சி. கேட்கும்போது எளிதாகத் தோன்றும். இரண்டு கையும் இரண்டு கணக்கில் நடக்க, கால் மூன்றாவது கணக்கில் நடக்க வேண்டும். மாதக்கணக்கில் பழகினாலொழிய வராது. தொல்காப்பியர் சொன்ன நான்கில் முதலாவது கல்வி என்பதை இங்கே நினைவூட்டுகிறேன்.

கோவிலுக்குள் பறை வரலாமா என்று கேட்டால், நம்மிடையே உடனே இறையியல் வல்லுநர்கள் தோன்றிவிடுகிறார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டின் 120ஆம் பத்தியை எடுத்துக் காட்டுவார்கள். பிற கருவிகளையும் ஏற்கலாம், ஆனால் அவை கோவிலின் மாண்புக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும் என்ற கருத்து அங்கே இருக்கிறது. “சாவு மேளம் கோவிலின் மாண்புக்கு ஏற்றதா, சாமி?” அதற்கு முந்தைய பத்தியை, தமக்கென இசை மரபுடைய மக்களின் இசைக்கு உரிய மதிப்பளிக்கச் சொல்லும் 119ஐ, அவர்கள் படிப்பதில்லை. போகட்டும். மாண்பைப் பற்றியே பேசுவோம். இன்று மாண்பின் வடிவமாக நாம் கருதும் ஆர்கன் பண்டை உரோமையர்களின் களியாட்டக் களங்களில் ஒலித்த கருவி. தொடக்கத் திருச்சபையின் தந்தையர் பலர் இசைக் கருவிகளையே வேண்டாமென்றனர். அந்தக் களத்துக் கருவி கோவிலுக்கு வர நூற்றாண்டுகள் ஆயின. வந்தபின் அதன் பழங்கதையை யாரும் நினைக்கவில்லை. நாம் தூக்கிச் சுமக்கும் ஆர்மோனியம் 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் உருவான பெட்டி. அது நம் மாண்பைக் கெடுத்ததாக எவரும் முறையிடவில்லை.

“மாட்டுத்தோல்” என்று தயங்குவோர் மிருதங்கத்தைக் கவிழ்த்துப் பார்க்கலாம். அதிலும் மாட்டுத்தோல் இருக்கிறது. டி. எம். கிருஷ்ணா 2020இல் மிருதங்கம் செய்யும் கைவினைஞர்களின் வரலாற்றை நூலாக எழுதினார். அந்நூலின் பெயரிலேயே நிற்கும் செபாஸ்டியன், நம் தஞ்சை மண்ணின் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தவர். அவருடைய மகன் பர்லாந்து செய்துகொடுத்த மிருதங்கத்தை வாசித்தவர் பாலக்காடு மணி ஐயர். அந்தக் கைகள் நம் பங்குகளைச் சேர்ந்த கைகள். சபாக்களில் மேடையேறிய தோல் நம் பீடத்தின் முன்வாயிலில் தடுக்கப்படுகிறது என்றால், தடை தோலுக்கு இல்லை என்பது வெளிப்படை.

2017 ஜனவரியில் சென்னை மெரினாவில் ஏறுதழுவுதலுக்காக இளைஞர்கள் கூடிய நாள்களை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். தலைவர் என்று ஒருவர் இல்லாமலே உணவு பகிர்ந்தார்கள், குப்பை பொறுக்கினார்கள், இரவில் பெண்கள் அச்சமின்றி இருந்தார்கள். அங்கே இரவும் பகலும் பறை ஒலித்தது. தமிழனின் கருவி என்று எல்லோரும் அதற்கு ஆடினார்கள். அந்த இளைஞர்கள் ஊர் திரும்பினார்கள். ஊரில் பறை மறுபடியும் சாவு மேளமாயிற்று. கடற்கரையில் தமிழர் கருவியாகவும் ஊரில் ஒரு தெருவின் கருவியாகவும் ஒரே பொருள் இருக்க முடியுமானால், நம் பண்பாட்டுப் பெருமை சுற்றுலாப் பயணியின் பெருமையாகத்தான் இருக்கிறது.

நம் பகுதியில் ஒரு கிளைக் கிராமம். பெயர் வேண்டாம். இரண்டு தெரு, ஒரே கோவில். திருவிழாவுக்கு மேல்தெருவில் தலைக்கட்டு வரி வாங்குவார்கள். கீழ்த்தெருவில் வாங்க மாட்டார்கள். இதை இரக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். வரி கொடுத்தவனுக்குத் தேர் தன் தெருவுக்கு வர வேண்டும் என்று கேட்கும் உரிமை வந்துவிடும், அதனால் வாங்குவதில்லை. அங்கே இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரு மாலைநேரப் படிப்பகத்தில் ஒன்றாகப் படித்து வளர்ந்தவர்கள். செவிலியர் படிப்பு முடித்த ஒரு பெண்தான் அவர்களுக்கு முன்னோடி. அந்த ஆண்டு இளையோர் கூடி, கொடியேற்றத்துக்கு நாங்களே பறை அடிக்கிறோம் என்றார்கள். இரண்டு தெருப் பிள்ளைகளும் சனிக்கிழமைதோறும் பயிற்சி எடுத்திருந்தார்கள். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். இரண்டு குடும்பங்கள் வரி தர மறுத்தன. இருந்தும் பறை ஒலித்தது; கோவில் முற்றத்தில் கொடி ஏறியது.

உண்மையான சினம் மூன்றாம் நாள் வந்தது. இளையோர் இரண்டு தெருவிலும் பணம் திரட்டி, வரவு செலவைக் கையால் எழுதி, கோவில் சுவரில் ஒட்டினார்கள். பந்தலுக்கு இவ்வளவு, மின்விளக்குக்கு இவ்வளவு, வாணவேடிக்கைக்கு இவ்வளவு, இன்னார் தந்தது இவ்வளவு. அந்த ஊரில் திருவிழாக் கணக்கு சுவருக்கு வந்தது அதுவே முதல் முறை. “நாங்க எத்தனை வருசமா நடத்தினோம், எங்களை எவனாவது கணக்குக் கேட்டானா?” என்று ஒரு பெரியவர் என்னிடம் வந்து குமுறினார். யாரும் அவரைக் கணக்குக் கேட்கவில்லை. தங்கள் கணக்கைத்தான் காட்டினார்கள். பறையைப் பல்லைக் கடித்துப் பொறுத்தவர்களால் அந்தக் காகிதத்தைப் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் இரவில் அது கிழிக்கப்பட்டது. மறுநாள் காலையில் வேறொரு படி ஒட்டப்பட்டிருந்தது. தேர் இன்னும் கீழ்த்தெருவுக்குள் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இளையோருக்குப் பக்குவம் போதாது என்பார்கள். நாம் அவர்களுக்கு எந்த வேலையைக் கொடுத்துப் பக்குவத்தை அளந்தோம்? நாற்காலி போடுவது, தோரணம் கட்டுவது, அன்னதானத்தில் வாளி தூக்குவது, ஆயர் வந்தால் இருபுறமும் நிற்பது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது. 537ஆம் சட்டம். அந்தக் குழுவில் முப்பது வயதுக்குட்பட்டவர் ஒருவர் இருக்கும் பங்குகளை வாசகர்கள் விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம். பெண்ணாகவும் இருக்க வேண்டும் என்றால் விரலை மடக்கும் வேலையும் இருக்காது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலோரத்தைச் சூறையாடியபோது, தேடுதல் பணி மந்தமாகவே நடக்கிறது என்று கண்ட மீனவர்கள் தங்கள் படகுகளிலேயே கடலுக்குச் சென்று தேடினார்கள். குழித்துறையில் தண்டவாளத்தில் அமர்ந்து அரசைத் திரும்பிப் பார்க்க வைத்த கூட்டத்தில் இளைஞரும் இளம்பெண்களும் நிறைந்திருந்தார்கள். அவர்கள் பக்குவத்தை யார் அளந்து கொடுத்தார்கள்?

மற்றொன்றும் சொல்ல வேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் இனத்தாரின் உரிமையை மறுத்தது. அதை எதிர்த்து ஆகஸ்டு 10ஆம் நாளைக் கறுப்பு நாளாக அனுசரித்து ஊர்வலம் போகிறோம். போக வேண்டியதுதான். இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், திருச்சபைக்குள்ளும் தீண்டாமை இருக்கிறது என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டது. தில்லியைப் பார்த்து நீதி கேட்கும் அதே ஊர்வலத்தில் நடப்பவர்களில் எத்தனை பேர் ஊரில் தேர் திரும்பும் முனையை மாற்றச் சம்மதிப்பார்கள்? 2022 மே 15ஆம் நாள் தேவசகாயம் புனிதராக உயர்த்தப்பட்டார். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர். தாழ்த்தப்பட்டோரோடு சமமாகப் பழகி உண்டதைத் தம் குலத்தார் குற்றமாகக் கண்ட மனிதர் அவர். அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயரை வத்திக்கான் நீக்கிவிட்டே அறிவித்தது. உரோமையில் கழற்றிய அந்த ஒட்டை நம் ஊர்ச் சுவரொட்டிகளில் மறுபடியும் அச்சிட்டுக்கொண்டிருப்பவர்களை நான் கண்டிருக்கிறேன்.

வெளிநாட்டு விருந்தினர் வந்தால் மட்டும் பறையாட்டம் வைக்கும் பங்குகளும் நிறுவனங்களும் இருக்கின்றன. ஐந்து நிமிடம் ஆட்டம், ஒரு பொன்னாடை, ஒரு நிழற்படம். ஆடிய பிள்ளைகள் பின்வாசல் வழியாக உணவுக்கு அனுப்பப்படுவார்கள். இதைப் பண்பாட்டுமயமாக்கல் என்று ஆண்டறிக்கையில் எழுதுவதற்குப் பதில் ஆர்மோனியத்தோடேயே நின்றுவிடலாம்; அதில் பொய்யாவது குறையும்.

இன்னும் சில வாரங்களில் பல ஊர்களில் திருவிழா வரிப் பட்டியல் எழுதத் தொடங்குவார்கள். பழைய நோட்டைப் பார்த்து அப்படியே படியெடுப்பதே வழக்கம். இந்த ஆண்டு அந்த நோட்டை இளையோர் கேட்டால் கொடுங்கள். யாருடைய பெயர் அதில் இருக்கிறது, எந்தத் தெருவோடு அது முடிகிறது என்று அவர்களே உட்கார்ந்து பார்க்கட்டும். பேரவையின் பெரியவர்கள் மறுத்தால் பங்குத்தந்தையின் மேசையில் ஒரு படி இருக்கும். அங்கே போய்க் கேட்கலாம்.